மரமா, இரும்பா

அன்று விடியக்காலம் மடைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். துண்டு வீசுகிற வீட்டுப் பெரியவர் அப்பய்யா, அவர் மனைவி பஞ்சம்மாள், மகன் காளிராஜ், மருமகள் மாரிக்கனி, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கருத்தப்பாண்டி. அப்பய்யாவின் தம்பி ஐயாத்துரை எதிர்க்கரையில் கூட்டத்தோடு நின்றார், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு பின்னால் நாலைந்து பேர் ஊரில் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

வேலாங்குளம், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில் பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு மைல் உள்ளே நடக்க வேண்டிய ஊர். ஐப்பசி மழையில் நிறைகிற கண்மாய், நெல்லுக்குப் பாய்ந்தது போக சித்திரையில் முழங்கால் தண்ணீராகச் சுருங்கிவிடும். அப்போது ஒரு நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அழிகண்மாய் என்று பேர். சுற்றுப்பட்டி சனமும் வரும். தண்ணீரில் குத்தி மீனை மடக்குகிற ஊத்தாக் கூடை, வலை, பழைய சேலை, எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். தூண்டில் மட்டும் ஆகாது. ஐந்நூறு பேர் கலங்கின தண்ணீரில் கையை விட்டுத் துழாவுகிற இடத்தில் முள் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் வைத்த விதி அது. இன்னொரு விதியும் உண்டு. பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டைச் சுழற்றி வீசும்வரை யாரும் எதையும் தண்ணீரில் போடக் கூடாது. மீறினவன் வீடு மூன்று வருஷம் கண்மாய்ப் பக்கம் வர முடியாது.

துண்டு வீசுவது அப்பய்யா வீட்டுப் பாத்தியதை. அவருடைய பூட்டன் வீசினார், பாட்டன் வீசினார், அப்பா வீசினார். அந்த வீட்டுக்கு நிலம் குறைந்திருக்கிறது, மாடு குறைந்திருக்கிறது, துண்டு வேறு கைக்குப் போனதில்லை. வீசின பிறகு அந்த வீட்டு ஆள் பிடிக்கிற முதல் பெரிய மீனைத் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டும். கரையில் விசில் பறக்கும். அதோடுதான் அந்தச் சடங்கு முடிந்ததாக அர்த்தம்.

அதில்தான் இரண்டு வருஷமாக இடறிக்கொண்டிருந்தது. எண்பத்தாறிலும் எண்பத்தேழிலும் காளிராஜ் கையில் உள்ளங்கை அகலக் கெண்டைக்கு மேல் சிக்கவில்லை. கெண்டையையா தூக்கிக் காட்டுவது? காட்டவில்லை. மறுநாள் டீக்கடையில் யாரோ, "துண்டு வீசுற வீட்டுல நேத்துக் கருவாட்டுக் கொழம்பாம்ல" என்று சொல்ல, பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அப்பய்யா அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் போனார். ஆனால் அந்தச் சிரிப்பு வருஷம் முழுக்க அவரோடு சாப்பிட உட்கார்ந்தது.

எண்பத்தெட்டு மாசியில் மடைப் பள்ளத்தில் தொடைக் கனத்துக்கு ஒரு விரால் புரள்வதாகக் கருத்தப்பாண்டி வந்து சொன்னான். அப்பய்யா அதற்குமேல் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. விரால் தவளைக்கு வாய் திறக்கும். அழிகண்மாய் அன்று விடியுமுன் தூண்டிலில் எடுத்து, ஊத்தாவுக்குள் போட்டு மூடிவைத்துவிட வேண்டும். துண்டு வீசினதும் அப்போதுதான் பிடித்த மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். இதை மகனுக்குச் சொன்னவர் அவர்தான். காளிராஜுக்கு அருப்புக்கோட்டையில் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. உப்பு லாரிக்காரன் ஒருவனிடம் கடல் மீனுக்குப் போடுகிற முள் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தான். ஆள்காட்டி விரல் நீளம், பழசு, துரு ஏறியது.

"துருவா இருக்கேப்பா."

"ஒரு மீனுக்குத் தாங்கும்ல. அது போதும்" என்றார் அப்பய்யா.

காளிராஜ் மூன்று தடவை வீசினான். இரண்டு தடவை விரால் முட்டிப் பார்த்துவிட்டு விலகியது. மூன்றாவது தடவை தவளையை மட்டும் பறித்துக்கொண்டு போனது. கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. எதிர்க்கரையில் ஆட்கள் பீடி பற்றவைப்பது தெரிந்தது. "சீக்கிரம்ல" என்று அப்பய்யா பல்லுக்குள் சொன்னார். காளிராஜ் கயிற்றை வெடுக்கென்று பின்னால் இழுத்தான். வெறும் முள் தண்ணீரை விட்டுக் கிளம்பி வந்தது. அவனுக்குப் பின்னால் ஊத்தாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாரிக்கனி நின்றிருந்தாள்.

அவள் கத்தவில்லை. ஊத்தா கீழே விழுந்தது. "ஏங்க, கண்ணு" என்றாள்.

இடது கண். கருவிழி ஓரத்தில் வெள்ளையில் ஏறி முள் நின்றது. நைலான் கயிறு அவள் கன்னத்தில் தொங்கியது. பஞ்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காளிராஜ் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றான். அது அசைந்தால் அவள் கண் அசையும் என்று அவனுக்குப் புரிந்து, அதை விடவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல் நின்றான்.

கருத்தப்பாண்டிதான் அரிவாளை எடுத்துக் கயிற்றை முள்ளுக்குப் பக்கத்தில் பிடித்து அறுத்தான். நாற்பது வருஷம் கண்மாய்க்கரையில் கிடந்தவன், எத்தனையோ விரல்களில் முள் ஏறிப் பார்த்தவன். "ஐயா, தொடாதீக. தூண்டி முள்ளு மொனையில எதிர்ப்பல்லு இருக்கும். வந்த வழியா இழுத்தா உள்ள இருக்கறதக் கிழிச்சிட்டுத்தான் வரும். மேல ஒரு கொட்டாங்குச்சியக் கவுத்துக் கட்டி, இப்படியே மதுரைக்குக் கொண்டு போயிருவோம்" என்றான்.

அப்பய்யா எதிர்க்கரையைப் பார்த்தார். மடையிலிருந்து ரோட்டுக்குப் போக வழி ஒன்றுதான். கரைமேல் ஏறி, அந்த ஐந்நூறு பேருக்கும் முன்னால் நடந்துதான் போக வேண்டும். கண்ணில் முள்ளோடு மருமகள், பின்னால் மகன், முன்னால் தோளில் வெள்ளைத் துண்டோடு அவர். ஆஸ்பத்திரியில் காயத்தை எழுதுவார்கள், எழுதினால் போலீசுக்குப் போகும், போலீஸ் ஊருக்கு வரும். ஆனால் போலீஸ் இரண்டாம் பட்சம்தான். தூண்டில் போட்டது துண்டு வீசுகிற வீடு என்று அந்த டீக்கடை பெஞ்சுக்குத் தெரிந்துவிடும்.

"தலையப் பிடி" என்றார் பஞ்சம்மாளிடம்.

"ஐயா, வேண்டாம்."

"நீ மடையப் பாரு" என்றார் கருத்தப்பாண்டியிடம்.

மாரிக்கனி அவர் முகத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முள்ளின் தண்டை இரண்டு விரலில் பிடித்தார். வரவில்லை. கொஞ்சம் திருகி இழுத்தார். வந்துவிட்டது. கையில் வந்ததைப் பார்க்காமல் தண்ணீரில் விட்டெறிந்தார். ஒரு நொடி உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருந்தால் முனை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். அவருடைய கண் எதிர்க்கரையில் இருந்தது.

"கருவேல முள்ளு. கரையேறும்போது கெளை அடிச்சிருச்சு. என்ன?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை அந்தச் சீமையில் ஏது? யாரும் நம்பக்கூடிய பொய். காளிராஜ் தலையாட்டினான். பஞ்சம்மாள் தலையாட்டினாள். கருத்தப்பாண்டி மடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அவர் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டார். மாரிக்கனியிடம் கேட்கவில்லை.

பிறகு கரைமேல் ஏறித் துண்டை வீசினார். ஐந்நூறு பேரும் கூச்சலோடு இறங்கினார்கள். மடைச் சுவருக்குப் பின்னால் மாரிக்கனி முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காளிராஜ் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஊத்தாவைப் பள்ளத்தில் குத்தினான். ஊத்தா துள்ளியது. அதே விரால். தூண்டிலும் வேண்டியிருக்கவில்லை, திருட்டும் வேண்டியிருக்கவில்லை. அவன் அதைத் தூக்கிக் காட்டினான், அழுதுகொண்டே காட்டினான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று கூட்டம் விசிலடித்தது. "அண்ணே, ஒம்மகன் பேரக் காப்பாத்திட்டான்" என்று ஐயாத்துரை ஓடிவந்து கையைப் பிடித்தார். அந்த விராலைத்தான் வீட்டில் குழம்பு வைத்தார்கள். அப்பய்யா இரண்டு துண்டம் சாப்பிட்டார்.

வீட்டு வைத்தியம் அன்று மத்தியானமே ஆரம்பித்தது. பஞ்சம்மாள் விளக்கெண்ணெய் விட்டாள். அடுத்த வீட்டு முத்துலட்சுமி கைப்பிள்ளைக்காரி, அவளிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கி விட்டாள். முத்துலட்சுமி எதையும் சும்மா விடுகிறவள் இல்லை. கருவேல மரம் கரை உச்சியில் இருக்கிறது, மாரிக்கனி மடைக்குக் கீழே நின்றாள், மரம் நடந்து வந்தா குத்தியது என்று கேட்டாள். பஞ்சம்மாள் சங்கைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் இமை வீங்கி மூடிக்கொண்டது. நரிக்குடியில் ஒரு கம்பவுண்டர் களிம்பு கொடுத்தார். நான்காம் நாள் ராத்திரி முழுக்க மாரிக்கனி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். காலையில் காளிராஜ் முதன்முறையாக அப்பாவுக்கு எதிரில் நின்று, டவுனுக்குக் கொண்டுபோகாவிட்டால் தானே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்றான். அப்பய்யா மகனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத் தானே மருமகளைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். மகனை விட்டால் உளறிவிடுவான்.

அங்கே இருந்த கண் டாக்டர் நல்ல மனுஷன். பொறுமையாகப் பார்த்தார். பேட்டரி விளக்கை அணைத்துவிட்டு, எது குத்தியது என்று கேட்டார். முள் என்றார் அப்பய்யா.

"என்ன முள்ளு? மரமா, இரும்பா? சரியாச் சொல்லணும் பெரியவரே. மர முள்ளுன்னா பூஞ்சை பிடிக்கும், அதுக்கு ஒரு மருந்து. இரும்புன்னா மொதல்ல படம் எடுக்கணும். துணுக்கு எதுவும் உள்ள தங்கியிருந்தா என்ன மருந்து விட்டாலும் அந்தக் கண்ணு நிக்காது."

டாக்டர் கேட்டது மாரிக்கனியைப் பார்த்து. அவள் உதடு அசைந்தது. அதற்குள் அப்பய்யா சொல்லிவிட்டார்.

"மரம்."

டாக்டர் நம்பினார். நம்பாமல் என்ன? வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு, நிமிர்ந்த முதுகு. அப்படிப்பட்ட ஆள் மருமகளின் கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொல்வார் என்று எந்த டாக்டர் நினைப்பார்? மர முள்ளுக்கு உண்டான மருந்தை எழுதிக்கொடுத்தார். மணிக்கு ஒரு சொட்டு, ராத்திரியும் விட வேண்டும், வாரம் கழித்து வரவேண்டும், வலி கூடினால் அதற்கு முன்பே மதுரைக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பிவரும் பஸ் திருச்சுழி தாண்டினதும் மாரிக்கனி கேட்டாள்.

"படம் எடுத்துப் பாத்துருந்தா என்ன மாமா?"

"படத்துல இரும்பு தெரிஞ்சா என்னத்தச் சொல்றது?"

"அப்பத் தெரியும்னு நெனைக்கிறீக."

அவர் மருந்துச் சீட்டை மடித்து மடியில் சொருகினார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஏழு நாள் அந்த மருந்து விட்டார்கள். ஒரு சொட்டு தவறவில்லை, பஞ்சம்மாள் அதில் குறை வைக்கவில்லை. தப்பான மருந்தை அவ்வளவு ஒழுங்காக யாரும் விட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கண்ணிலிருந்து சீழ் வடிந்தது. காளிராஜ் யாரையும் கேட்காமல் மனைவியைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். அப்பய்யாவும் கூடவே ஏறிக்கொண்டார். மதுரையில் யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க அவர் அங்கே இருந்தாக வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தது டாக்டர் ஹெப்சிபா. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, குரலில் மதுரைப் பக்கத்துப் பேச்சு. அப்பய்யா கருவேல முள் என்று ஆரம்பித்தார். அந்தம்மா சீட்டைப் படித்துவிட்டு, ஆம்பளைகள் இரண்டு பேரும் வெளியே இருக்கட்டும் என்றாள். அவர் தயங்கினார். "வெளிய இருங்கய்யா. நான் அவுக கண்ணுகிட்டப் பேசணும்" என்று கதவைக் காட்டினாள்.

உள்ளே மாரிக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். தவளை, காளிராஜ், திருகி இழுத்த விரல், தண்ணீரில் விழுந்த முள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. அரை மணி நேரத்தில் படம் எடுத்தார்கள்.

டாக்டர் ஹெப்சிபா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அப்பய்யாவுக்குக் காட்டினாள். கறுப்பில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு. முள்ளின் முனையும் எதிர்ப்பல்லும்.

"மொத நாளே முள்ளோட கொண்டு வந்துருந்தீகன்னா, மயக்க மருந்து குடுத்து, மொனைய வேற வழியா வெளிய கொண்டு வந்து, பல்ல வெட்டிட்டு, தண்ட உருவிட்டு, காயத்தத் தச்சிருப்போம். மேல ஒரு கிண்ணத்தக் கவுத்துக் கட்டித் தொடாமக் கொண்டு வந்தாப் போதும், அவ்வளவுதான். பார்வை முழுசா மிஞ்சியிருக்கும்னு சொல்ல மாட்டேன். கண்ணு மிஞ்சியிருக்கும். அஞ்சாம் நாளு வந்துருந்தாக்கூட எதாவது பாத்திருப்போம்."

"இப்ப?"

"இப்ப எடுக்கணும். உள்ள முழுக்கச் சீழு. விட்டா உயிருக்கே கேடு. நல்ல கண்ணையும் இழுத்துட்டுப் போகலாம்."

காளிராஜ் நடைபாதையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். அப்பய்யா நின்றபடியே இருந்தார். நர்ஸ் கையெழுத்துக்குத் தாளைக் கொண்டுவந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தூண்டில் முள்ளால் ஏற்பட்ட காயம், துணுக்கு உள்ளே இருக்கிறது, பன்னிரண்டு நாள் தாமதம் என்று எழுதியிருந்தது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டார். தன் வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவர் அவர். அன்று கெஞ்சினார். கெஞ்சுவது தெரியாத மாதிரி கெஞ்சினார்.

"அம்மா, ஆபரேசன் பண்ணுங்க. அதுல ஒண்ணும் சொல்லல. எழுதறத மட்டும் கருவேல முள்ளுன்னு எழுதிருங்க. ஊருல எங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"நான் எழுதறது கண்ணுக்குங்கய்யா. ஊருக்கு இல்ல."

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாது. என் மகனும் போட மாட்டான்."

அந்தம்மா காளிராஜைப் பார்த்தாள். காளிராஜ் எழுந்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். முப்பது வயது ஆண்மகன்.

நடைபாதைக் கட்டிலில் படுத்திருந்த மாரிக்கனி கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடுங்கம்மா. எட்டாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். என் பேர எழுதத் தெரியும்."

தாளை வயிற்றின்மேல் வைத்து, ஒரு கண்ணால் கோணலாகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை அப்பய்யா பக்கம் நீட்டினாள். நர்ஸின் பேனா அது. அவர்தான் பக்கத்தில் நின்றார் என்பதால் நீட்டினாள், வேறு ஒன்றுமில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கண்ணை எடுத்தார்கள். துணுக்கை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மாரிக்கனியிடம் காட்டினார்களாம். அவள் வைத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மல்லாங்கிணற்றுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கூட்டிவரப் போன பஞ்சம்மாளிடம் மரியாதையாகப் பேசினாள், சோறு போட்டாள், வரமாட்டேன் என்றாள். இரண்டு மாதம் கழித்துக் காளிராஜ் துணிமணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு அங்கேயே போய்விட்டான். மாமியார் வீட்டில் தங்கி, விருதுநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். நான்கு தலைமுறையாகத் துண்டு வீசின வீட்டின் ஒரே பிள்ளை, வீட்டோடு மாப்பிள்ளை. அப்பய்யா காப்பாற்றப் பார்த்த பேரில் பாதி இப்படித்தான் மல்லாங்கிணற்று பஸ் ஏறியது.

ஊரில் கேட்டார்கள். மதுரையில் என்ன செய்தார்கள் என்று. "எடுத்துட்டாக" என்றார் அப்பய்யா. அவ்வளவுதான் சொன்னார். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. கருவேல முள் குத்தினதற்கு யாராவது கண்ணை எடுப்பார்களா? குத்தினது இடது கண்ணின் ஓரத்தில், ஆறிக்கொண்டிருந்தது, அந்த டாக்டரம்மா நல்ல கண்ணைப் பிடுங்கிவிட்டாள். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்தாளாம். இல்லை, பணக்காரன் ஒருவனுக்கு வைக்க எடுத்தாளாம். ஐயாத்துரை ஒரு படி மேலே போய், எடுத்த கண் அப்போதும் இமை கொட்டியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இதையெல்லாம் அப்பய்யாவின் முன்னாலேயே பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. கருவேல முள் நிலைக்க வேண்டுமானால் டாக்டர் கெட்டவளாக வேண்டும். அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது போதுமானதாக இருந்தது.

கருத்தப்பாண்டி ஒரு தடவை வரப்பில் மறித்தான். "அந்தம்மா பேரு கெடுதுங்கய்யா" என்றான். "நீ தண்ணி பாச்சற வயலப் பாரு" என்றார் அவர். அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவர் வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சினான், அவர் வீட்டுப் படியேறவில்லை.

மூன்று சித்திரை போயிற்று. கண்மாய் நிறைந்த இரண்டு வருஷமும் துண்டை அவர்தான் வீசினார். தூக்கிக் காட்ட ஆள் இல்லை. ஐயாத்துரையின் மகன் காட்டினான்.

தொண்ணூற்றொன்றில் பஞ்சம்மாளின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். பிறகு அரிசியில் கல் தெரியவில்லை. பிறகு அடுப்புக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். ஒருநாள் கொதிக்கிற உலைக்குள் கை பட்டு வெந்துபோனது. அந்த ஆடியில் திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மதுரையிலிருந்து டாக்டர் ஹெப்சிபா வருகிறார்கள், புரைக்கு இலவச ஆபரேசன், கண்ணாடியும் உண்டு.

வேலாங்குளத்தில் புரை விழுந்தவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். பேர் கொடுக்க ஒருவரும் போகவில்லை. அந்த டாக்டரம்மா பேர்தான் ஊருக்கே தெரிந்ததாயிற்றே.

அப்பய்யா மனைவியிடம், புறப்படு, நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் போவோம் என்றார். பஞ்சம்மாள் வெந்த கையில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலைங்க. இந்த மங்கலாவது மிஞ்சட்டும். அந்தம்மா நல்ல கண்ணப் பிடுங்கிருவா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம வீட்டுலதான பிடுங்குனா."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார். கிட்டப் போய் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார்.

"நீ அங்கனதானடி நின்ன? அவ தலையப் பிடிச்சது நீதான?"

"நின்னேன். பிடிச்சேன். கருவேல முள்ளுதானங்க? நீங்கதான் எடுத்துப் போட்டீக. நல்லாத்தான இருந்தா. மதுரைக்குப் போயித்தான் கெட்டுப்போச்சு."

அந்த முகத்தில் நக்கல் இல்லை. பொய்யும் இல்லை. மூன்று வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, சொன்னதே அவள் பார்த்ததாக ஆகிவிட்டிருந்தது. தவளை இல்லை, கயிறு இல்லை, அரிவாள் இல்லை. அவர் "பஞ்சம்மா" என்று கூப்பிட்டார். அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள், அவருக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தாள்.

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போனார். சாயங்காலம். ஐயாத்துரை இருந்தார், டீக்கடைப் பெஞ்சு ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். முகாமைப் பற்றித்தான் பேச்சு. ஐயாத்துரை இமை கொட்டின கண்ணைப் பற்றி வெளியூர் ஆள் ஒருவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், அண்ணனைக் கண்டதும் இடம் ஒதுக்கினார்.

"அண்ணனையே கேளு. நேருல பாத்தவுக. ஏண்ணே, அந்தம்மா நல்ல கண்ணத்தான எடுத்தா?"

அப்பய்யா உட்காரவில்லை.

"இல்ல. செத்த கண்ணத்தான் எடுத்தாக. அது கருவேல முள்ளும் இல்ல, தூண்டி முள்ளு. துண்டு வீசறதுக்கு முன்ன நான் போடச் சொல்லிக் காளிராஜ் போட்டான். அத இழுத்து உள்ள ஒடிச்சது நான். அருப்புக்கோட்டை டாக்டர்ட்ட மரம்னு சொன்னதும் நான்."